ஒருமுறை தொட்ட மை

பஸ் சோளக்காடு என்ற மலையூரின் சந்தையில் நின்றது. அப்பாசாமி உடனே இறங்கவில்லை. மலைப்பாதையின் வளைவுகள் இன்னும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அவை ஓயட்டும் என்று உட்கார்ந்திருந்தார். ஓயவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"சார், முகமெல்லாம் பச்சையா இருக்குதுங்க," என்றான் சின்னராசு. "சந்தையில அப்படி நிக்காதீங்க. மிளகுக் கொடின்னு யாராச்சும் பறிச்சுப்போடுவாங்க."

சின்னராசுவுக்கு முப்பது வயது. சேலத்தில் அப்பாசாமியின் துப்பறியும் ஆபீசில் அவன் ஒருவன்தான் உதவியாளன். பெட்டி தூக்குவான், பூட்டுத் திறப்பான், பேசுவான். மூன்றாவதை யாரும் கேட்டதில்லை. எல்லா வளைவிலும் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தவன்.

"உனக்கு ஒன்னும் பண்ணலையா?"

"எனக்குத் தலைவலியே வந்ததில்லீங்க சார். உள்ள ஏதாவது இருந்தாத்தானே வலிக்கறதுக்கு."

அப்பாசாமி சிரிக்கவில்லை. தூறல் விழுந்தது. ஆடி மாதத்து மலைத் தூறல். குடை பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. நாற்பத்தெட்டு வயதில் முழங்கால்களுக்கு மழை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவருக்குப் படுக்க வேண்டும் போலிருந்தது.

வேலை சின்னதுதான். சோளக்காட்டிலிருந்து திருப்புலி நாடு என்னும் மலைப்பகுதிக்கு ஒரு கிளைச் சாலை வெட்டுகிறார்கள். பாறையை உடைக்க வெடிமருந்துக் குச்சிகள் வைத்திருந்தார்கள். இங்கே அவற்றைத் தோட்டா என்கிறார்கள். தோட்டாக்கள் குறைகின்றன. மருந்துக் கிடங்குக்காரனைப் பிடித்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மதியம் போலீஸ் ஜீப் வருகிறது. அதற்குள் தோட்டாக்கள் எங்கே என்று தெரியவேண்டும் என்பது காண்ட்ராக்டரின் கட்டளை. தெரியாவிட்டால் லைசென்ஸ் போகும், சாலை நிற்கும். திருடன் ஜெயிலுக்குப் போவது எப்படியும் நடக்கும்.

பழக்கடைகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதுதான் ஆபீஸ். ஓவர்சியர் நாச்சிமுத்து வாசலுக்கு வந்து வரவேற்றார். அடிவாரத்து ஆள். கழுத்தில் மப்ளர்.

"வாங்க சார். காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"எனக்குச் சொல்லுங்க," என்றான் சின்னராசு. "அவருதையும் நான் குடிச்சுக்கறேன்."

நாச்சிமுத்து விவரம் சொன்னார். முந்தாநாள் சாயங்காலம் காண்ட்ராக்டரின் ஆள் திடீரென்று வந்து தோட்டாக்களை எண்ணினார். ரிஜிஸ்டர்படி இருக்கவேண்டியதில் எண்பத்தாறு குறைந்தது. கிடங்குச் சாவி சின்னையனிடம் மட்டும்தான் உண்டு. வெடி வைப்பவனும் அவனே.

"அவன் என்ன சொல்றான்?"

"வாயத் தொறக்க மாட்டேங்கறானுங்க."

"ரிஜிஸ்டர் எழுதறது?"

"நானுங்க. அவனுக்கு எழுதத் தெரியாது. தோட்டா எடுக்கற அன்னைக்கே இங்க வந்து சொல்லுவான். அன்னன்னைக்கு எழுதிப்போடுவேன்."

"தினமும்?"

"தினமுங்க சார். சட்டம் அப்படித்தானுங்களே."

மேஜைமேல் மைப் புட்டி இருந்தது. பக்கத்தில் கட்டைப் பேனா. மையில் தொட்டுத் தொட்டு எழுதும் பழைய வகை. அப்பாசாமி ரிஜிஸ்டரைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி அடுத்த பக்கம் பார்த்தார். சின்னராசு இரண்டாவது காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பார்த்தார்.

"இதை எடுத்துக்கிட்டு வாரேன்," என்றார்.

"எதுக்குங்க சார்? அதுல ஒன்னுமில்லீங்களே."

"இல்லாததைப் பார்க்கத்தான்."

ரிஜிஸ்டரைச் சின்னராசு தலையில் வைத்துக்கொண்டான். மழைக்கு அது குடையைவிட மேல் என்றான்.

சாலை மண்ணாக இருந்தது, பிறகு சேறாக இருந்தது. நாச்சிமுத்து முன்னால் நடந்தார். நெடுநேர நடை. ஒருபுறம் மரவள்ளிக் காடு. மறுபுறம் பள்ளம் முழுக்க மேகம். கடைசியில் வெட்டிய பாறை தெரிந்தது. அதன் அடியில் சிதறிக் கிடந்த கற்களைப் பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கையில் கடப்பாரையுடன் நின்ற ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, போலீசுங்களா?"

"அவ்வளவு நல்லவங்க இல்லீங்கக்கா," என்றான் சின்னராசு.

"அதானே. போலீசுன்னா செருப்புல சேறு இருக்காது. ஜீப்புல வருவாங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவள் பெயர் மாராயி என்று நாச்சிமுத்து சொன்னார். நேற்று பெருமழை, வேலை இல்லை; இன்று கல்லை ஒதுக்கிவிட்டால் நாளை புதிய குழி போடலாம் என்றார்.

சின்னையனின் வீடு பாறைக்கு மேலே, ஒற்றையடிப் பாதையில் இருந்தது. புல் வேய்ந்த கூரை. அவன் மனைவி இருசாயி நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

தேட அதிக நேரம் ஆகவில்லை. ஒரே அறை. சாமைக் குதிர், அடுப்பு, இரண்டு பாய், பரணில் நாலைந்து சட்டிகள். அப்பாசாமி தரையைத் தட்டிப் பார்த்தார். கூரையில் கைவிட்டுப் பார்த்தார். முழங்கால் வலித்தது. தோட்டா இல்லை.

தன் வீட்டைக் குடைந்தவர்களுக்கு இருசாயி முறத்தில் சுட்ட பலாக்கொட்டை கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னுங்க சாமி. மழைக்குள்ள நடந்து வந்திருக்கீங்க."

அப்பாசாமிக்கு வயிறு இன்னும் பஸ்ஸில்தான் இருந்தது. வேண்டாம் என்றார். நாச்சிமுத்து வாசலுக்கு வெளியே நின்றார். அவர் இந்த வீடுகளில் கை நனைப்பதில்லை. சின்னராசு மூன்று பேருக்குமாகத் தின்றான். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"உனக்குத் தலைவலியா அம்மா?" என்று கேட்டார் அப்பாசாமி.

"நேத்து ராத்திரி புடிச்சுதுங்க சாமி. அழுததுல வந்திருக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கூட்டுக்காரரு எடுக்கலீங்க. அது தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா சொல்லத் தெரியாதுங்க."

அப்பாசாமி தலையை ஆட்டினார். மனைவிகள் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். பாதிப் பேர் சரியாகவும் சொல்லிவிடுவார்கள். எந்தப் பாதி என்பதுதான் சிக்கல்.

சின்னையனைச் சாமான் கொட்டகையில் அடைத்திருந்தார்கள். மண்வெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். ஒல்லியான ஆள். அவன் நெற்றியிலும் துணிக்கட்டு.

"இங்க யாருக்குமே தலை சரியில்ல போல," என்றான் சின்னராசு.

"மருந்து தொட்டா வலிக்கும் சாமி," என்றான் சின்னையன். "தோட்டாவைத் தொட்ட கையோட நெத்தியத் தொடச்சாலே போதும், இடி இடிக்கும். ரெண்டு நாளாத் தொடல. கொறஞ்சிருக்குது."

"எண்பத்தாறு தோட்டா எங்கே?" என்று கேட்டார் அப்பாசாமி.

சின்னையன் மண்ணைப் பார்த்தான்.

"நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கங்க சாமி."

"எடுத்து?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

சின்னையன் விரலால் மண்ணைக் கீறினான். சின்னராசு அவன் அருகில் குந்தினான்.

"என்னங்க இது? ஒரு பொய் சொன்னா அடுத்ததையும் தயாரா வச்சிருக்கணும். எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியுங்களே."

சின்னையன் நிமிர்ந்தான். முதல்முறையாக அப்பாசாமியின் முகத்தைப் பார்த்தான்.

"சாமி, ஒன்னே ஒன்னு. ஒருக்கா என்னைப் பாறைக்கிட்டப் போக உடுங்க. பார்த்துட்டு ஓடியாந்துடறேன்."

"பார்த்தீங்களா சார்?" என்றார் நாச்சிமுத்து. "முந்தாநாள் வெடி வச்ச கையோட கூப்பிட்டு வந்தம்ல, அப்ப இருந்து இதே பாட்டுத்தான். போனான்னா திரும்ப மாட்டான். பைல் நாட்டுக் காட்டுக்குள்ள பூந்தா யாரு புடிக்கறது?"

அப்பாசாமிக்கும் அது நியாயமாகப் பட்டது. வேண்டாம் என்று தலையசைத்தார். சின்னையன் மறுபடி மண்ணைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் அப்பாசாமி ரிஜிஸ்டரை வாங்கினார். கொட்டகையின் கூரைவிளிம்புக்கு அடியில் நின்று திறந்தார்.

"ஓவர்சியர், இந்த வரியைப் பாருங்க. முதல் எழுத்து கறுப்பா இருக்கு. போகப் போக வெளுக்குது. அப்புறம் மறுபடி கறுப்பு. ஏன்?"

"தொட்டு எழுதற பேனாவுங்க. மை தீரத் தீர வெளுக்கும். திரும்பத் தொட்டா கறுக்கும்."

"சரி. திங்கட்கிழமை வரி கறுப்பா ஆரம்பிக்குது. செவ்வாய்க்கிழமை அதைவிட வெளுப்பா ஆரம்பிக்குது. புதன்கிழமை வரி கண்ணுக்கே தெரியலை. நடுவுல தொடவே இல்லை." அப்பாசாமி மூச்சு வாங்கினார். "திங்கட்கிழமை தொட்ட மை புதன்கிழமைவரைக்கும் பேனாவுல ஈரமாவா இருந்துச்சு?"

தூறல் தகரத்தில் தட்டியது. நாச்சிமுத்து மப்ளரைக் கழற்றினார். மறுபடி சுற்றிக்கொண்டார்.

"நானும் ஒரு தடவை தலைக்கு எண்ணெய் வச்சா ஒரு வாரம் வரும்," என்றான் சின்னராசு. "மைக்கு அந்தப் பொறுமை கிடையாதுங்க."

"தப்புத்தானுங்க சார்," என்றார் நாச்சிமுத்து. குரலில் சண்டை இல்லை. "நீங்களே நடந்து பார்த்தீங்க. தோட்டா எடுக்கற ஒவ்வொரு தடவையும் அவன் சோளக்காட்டுக்கு நடந்து வந்து நின்னான்னா பாறைய எப்ப உடைக்கறது? நானும் எந்நேரமும் ரிஜிஸ்டரத் தொறந்துட்டு உக்கார முடியுங்களா? சேர்த்து வச்சுக்க, நெறஞ்சதும் வந்து ஒரேயடியாச் சொல்லுன்னு நான்தான் சொன்னேன். ஒரு பானைல என்னமோ போட்டு வைப்பான். தோட்டாவுக்கு ஒன்னு. பானை நெறஞ்சா எண்ணிட்டு வந்து சொல்லுவான். நான் நாள் பிரிச்சு எழுதிருவேன். ஆறு மாசமா ஒரு தோட்டா தப்புனதில்லீங்க."

"அப்படின்னா குறையற எண்பத்தாறும் பானைக்குள்ள இருக்கணும். எழுதாத கணக்கு."

"அதைத்தானே நானும் நெனச்சேன். பானை எங்கேன்னு கேட்டா ஊட்டுலன்னான். முந்தாநாள் ராத்திரியே அவனை ஊட்டுக்கு இழுத்துட்டுப் போய், பானையைக் கொண்டான்னு சொன்னேன். உள்ள போயிட்டு வந்தான். பானை காலிங்கறான். வேற ஒன்னும் சொல்ல மாட்டேங்கறான். அப்ப என்னங்க அர்த்தம்? எடுத்தது வெடிக்கில்லை. வித்திருக்கான்."

"சேர்த்து எழுதறதைக் காண்ட்ராக்டர் ஆள்கிட்டச் சொன்னீங்களா?"

சின்னையனிடம் வாங்கி வைத்திருந்த கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்து முன்னால் நடந்தார்.

மருந்துக் கிடங்கு பாறையிலிருந்து தள்ளி, மரங்களுக்கு மறைவில் இருந்தது. கல் அறை. நாச்சிமுத்து பூட்டைத் திறந்தார். எஞ்சிய பெட்டிகள் ஓரத்தில் அடுக்கியிருந்தன. சுவரில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே சுவர் தூசியில் ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. பானை தொங்கிய இடம். அப்பாசாமி சிரமப்பட்டுக் குனிந்தார். வட்டத்துக்கு நேர் கீழே, தரையில் காய்ந்த தோல்கள் கிடந்தன. காகிதம் போல் மெல்லியவை, வெள்ளையானவை.

"பலாக்கொட்டைத் தோலுங்க," என்றான் சின்னராசு. "உக்காந்து தின்னிருக்கான்."

"நெருப்புப் பெட்டியே கொண்டுவரக் கூடாத ரூம்ல எதுல சுட்டுத் தின்னான்?"

"பச்சையா..." சின்னராசு நிறுத்தினான். கையால் நெற்றியை அழுத்தினான். "விடுங்க சார். எனக்கே முடியல. தலை பிளக்குது. ஓவர்சியர் மூஞ்சியைப் பார்த்ததுல இருந்து வலிக்குது."

அப்பாசாமி நிமிர்ந்தார்.

"எப்ப இருந்து?"

"கொட்டகைக்கு வந்தப்ப லேசா இருந்துச்சுங்க. இப்ப உரல்ல போட்டு இடிக்கற மாதிரி இருக்குது."

"உனக்குத் தலைவலி வந்ததே இல்லைன்னே."

"மலைக்காத்து ஒத்துக்கல போல."

"தோட்டாவைத் தொட்டியா?"

"நான் எங்கீங்க தொட்டேன்? இந்த ரூமுக்கே இப்பத்தானே வாரோம்."

அப்பாசாமி அவன் சட்டைப் பையைப் பார்த்தார். சின்னராசுவும் குனிந்து பார்த்தான். பையில் எஞ்சியவை கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தன.

"சார்," என்றான் மெதுவாக. "அப்படிச் சொல்லாதீங்க."

"நான் ஒன்னும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுதுங்க."

இருசாயி அடுப்படியில் இருந்தாள். பலாக்கொட்டை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டார் அப்பாசாமி. அவளுக்குக் கேள்வி புரியவில்லை. பலாக்கொட்டை பானையில்தான் இருக்கும். மழைக்காலத்துக்கு எல்லா வீட்டிலும் ஒரு பானை சேர்த்து வைப்பார்கள். முந்தாநாள் காலையில் அவள் புருஷன் ஒரு பானையைக் கொண்டுவந்து மூலையில் வைத்தான். அவசரமாக வேலைக்குப் போனான். அவள் என்ன நினைப்பாள்? மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் எல்லாவற்றையும் சாம்பலில் புதைத்துச் சுட்டு, பாதியைக் கல்லுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். மீதியை முறத்தில் எடுத்து வைத்தாள். நேற்று ராத்திரி அவள் கொஞ்சம் தின்றாள். இன்று விருந்தாளிகளுக்கு வைத்தாள்.

"நெறைய இருந்துச்சுங்க சாமி. ஏன், அதுல என்னங்க?"

அப்பாசாமி எல்லாருக்குமாக விளக்கினார். நிறைந்த பானை அது. மறுநாள் சோளக்காட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டிய கணக்கு. தோட்டா தொட்ட கையால் ஒவ்வொன்றாகப் போட்ட கொட்டைகள். அன்று ராத்திரி பானையை எடுக்க உள்ளே போன சின்னையன், அடுப்படியில் தோலைப் பார்த்திருக்கிறான். கணக்கை என் மனைவி சுட்டு ஊருக்குக் கொடுத்துவிட்டாள் என்று யாரிடம் சொல்வான்? சொன்னால் அவளையும் சேர்த்து அல்லவா ஜீப்பில் ஏற்றுவார்கள்? வாயை மூடிக்கொண்டான்.

"துப்பறிய வந்த இடத்துல சாட்சியத் தின்னவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்," என்றான் சின்னராசு. நெற்றியைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"ருசியா இருந்துச்சா?"

"உப்புக் கொஞ்சம் கம்மிங்க."

நாச்சிமுத்து வாசலிலிருந்து பேசினார். முகம் வெளுத்திருந்தது.

"சார், நீங்க சொல்றதை நான் நம்பறேன். போலீஸ் நம்புமுங்களா? காலிப் பானையக் காட்டினா சிரிப்பாங்க. தோட்டா வெடிச்சதுக்கு என்ன அத்தாட்சி?"

அப்பாசாமி வாசற்படியில் உட்கார்ந்தார். அவருக்கு அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது. ரிஜிஸ்டரில் எழுதவில்லை. பானையில் இருந்தது வயிற்றுக்குப் போய்விட்டது. கீழே மாராயியின் கடப்பாரை கல்லில் மோதும் ஒலி ணங் ணங் என்று கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாறைல குழி போட்டு வெடிச்சா, குழி என்ன ஆகும்?"

"பாதி பிளந்துக்கிட்டுப் போயிருங்க. மறுபாதி பாறைலயே நிக்கும். மூங்கிலை நீளவாக்குல பிளந்து ஒட்டுன மாதிரி."

"ஒரு குழிக்கு எத்தனை தோட்டா?"

"ரெண்டுங்க. எப்பவும் ரெண்டுதான்."

"கடைசியா நீங்க ரிஜிஸ்டர் எழுதின அன்னைக்கு, சாலை எதுவரைக்கும் வந்திருந்துச்சு?"

நாச்சிமுத்துவின் கண்கள் விரிந்தன. "அன்னைக்குத்தானுங்க அளவு எடுத்தேன். பாறைல சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கேன்."

மூவரும் இறங்கினார்கள். சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்திருந்தாலும் தெரிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய பாறை. இந்தப் பக்கம் அதற்குப் பிறகு வெடித்த, ரிஜிஸ்டரில் ஏறாத பாறை. அதில் பிளந்த மூங்கில்கள் போலத் தடங்கள் வரிசையாக நின்றன. சின்னராசு ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணிக்கொண்டே போனான். நாச்சிமுத்து பின்னால் எண்ணிக்கொண்டே வந்தார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க, பாறைக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பார்க்கறீங்க," என்றாள் மாராயி.

"காய்ச்சல் எனக்குங்கக்கா," என்றான் சின்னராசு.

கோடியில் போய் நின்றான். திரும்பினான். "நாற்பத்திரண்டுங்க சார்."

"எனக்கும் அதேதானுங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் உயிர் வந்திருந்தது. "நாற்பத்திரண்டு குழி. எண்பத்துநாலு தோட்டா. அத்தனையும் வெடிச்சிருக்குதுங்க சார்! அவன் திருடல."

"எண்பத்தாறுல்ல குறையுது," என்றான் சின்னராசு.

"ரெண்டுதானுங்களே. எங்கயாச்சும் நனைஞ்சு வீணாப்போயிருக்கும். ரெண்டுக்கு யாரு கேக்கப்போறாங்க?"

அப்பாசாமி பாறையைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் அதை ஒப்புக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மனிதனை விடுவிக்க எண்பத்துநாலு போதும். மதிய பஸ்ஸில் திரும்பலாம். படுக்கலாம்.

ரெண்டு.

ஒரு குழிக்கு ரெண்டு.

ஒருக்கா என்னைப் பாறைக்கிட்டப் போக உடுங்க சாமி.

அவர் திரும்பினார். மாராயி கடப்பாரையை ஓங்கியிருந்தாள்.

"மாராயி! போடாதே!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே தெரியவில்லை. மாராயி கடப்பாரையைத் தலைக்கு மேலே வைத்தபடியே நின்றாள்.

"எல்லாரும் மேலே போங்க. கூடையை விடுங்க. போங்க! சின்னராசு, ஓடு. சின்னையனைக் கூட்டிக்கிட்டு வா."

"பூட்டு..."

"உடை!"

சின்னையன் ஓடி வந்தான். பெண்கள் மேட்டில் நிற்பதையும் காலியான கூடைகளையும் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நான் திரும்பற வரைக்கும் பாறைல வேலை இல்லைன்னீங்களே," என்றான் நாச்சிமுத்துவைப் பார்த்து.

அவன் தனியாகக் கற்குவியலுக்குள் இறங்கினான். ஒவ்வொரு கல்லாக, கையால், குழந்தையைத் தூக்குவது போல் எடுத்து வைத்தான். மாராயி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான்.

பாறையடியில் ஒரு குழி வெடிக்காமல் முழுதாக இருந்தது. வாயில் நனைந்த திரி. கடப்பாரை விழுந்திருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண்.

"முந்தாநாள் வெடிக்கும்போதே இடியும் இடிச்சுதுங்க சாமி," என்றான் சின்னையன், மேலே ஏறி வந்து. "வெடியச் சரியா எண்ண முடியல. புகை அடங்கினதும் போய்ப் பார்த்திருப்பேன். அதுக்குள்ள எண்ணறதுக்கு ஆள் வந்திருக்குன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"காலைலயே உன்னை விட்டிருக்கணும்," என்றார் அப்பாசாமி.

சின்னையன் குழியை வெடிக்கச் செய்யும் வேலையைப் பார்க்கப் போனான். எல்லாரையும் இன்னும் தூரம் போகச் சொன்னான். வெடித்தபோது மலை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. பள்ளத்து மேகத்திலிருந்து எதிரொலி தாமதமாகத் திரும்பி வந்தது. மாராயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னராசு புகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"நாற்பத்திமூணுங்க சார்."

ஆபீசுக்குத் திரும்பியபோது போலீஸ் ஜீப் நின்றிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"திருடன் எங்கே?"

"இல்லை," என்றார் அப்பாசாமி. "ஓவர்சியர் ரெண்டு வரி எழுதணும். அதைப் படிங்க. அப்புறம் வாங்க, பாறையைக் காட்டறேன்."

நாச்சிமுத்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். ரிஜிஸ்டர் ஈரத்தில் உப்பியிருந்தது. சின்னையனும் இருசாயியும் வாசலில் நின்றார்கள்.

"என்ன தேதி போடட்டுங்க சார்?" தாழ்ந்த குரலில் கேட்டார் நாச்சிமுத்து.

"இன்னைக்குத் தேதி."

"இன்னைக்குத் தேதி போட்டா, சேர்த்து எழுதினது தெரிஞ்சுருமுங்க. வேலை போயிரும்."

"போனாலும் போகலாம்."

நாச்சிமுத்து வெளியே பார்த்தார். கூட வந்திருந்த மாராயி கடை ஓரத்தில் நின்று, கையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும்.

அவர் பேனாவை மையில் தொட்டார். முதல் வரியை எழுதினார். நாற்பத்திரண்டு குழி, எண்பத்துநாலு தோட்டா, வெடித்த நாள்களில் எழுதப்படவில்லை. எழுத்து கறுப்பாக ஆரம்பித்துச் சாம்பல் நிறத்தில் முடிந்தது. பேனா முள்ளில் இன்னும் கொஞ்சம் மை இருந்தது. வெடிக்காமல் நின்ற ஒரு குழியைப் பற்றிய அடுத்த வரிக்கு அது போதும்.

நாச்சிமுத்து அந்த முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பேனாவை மறுபடி புட்டிக்குள் விட்டார்.